மணமகள் படத்தைப் பின்னணியிலிருந்து பிரிப்பது: சுருள்முடி, மல்லிகைச் சரம், ஜிமிக்கி மூன்றுக்கும் ஒரே வழி போதுமா?

குடந்தை ஆல்பம்

வணக்கம். கும்பகோணத்தில் திருமண ஆல்பம் வடிவமைக்கிறேன். இப்போது கையில் இருக்கும் ஒரு படத்துக்கு உங்கள் யோசனை வேண்டும்.

மணமகள் இடுப்பளவு தெரியும் படம். 24 மெகாபிக்சல், ரா கோப்பும் (கேமரா பதிவுசெய்த மூலத் தரவு) இருக்கிறது. பின்னால் மேடையில் கட்டிய வெளிர்மஞ்சள் துணி. நெற்றியோரமும் காதோரமும் சுருள்முடி பிரிந்து நிற்கிறது. பின்னலில் சுற்றிய மல்லிகைச் சரத்தின் நுனி தோளைத் தாண்டித் துணிக்கு முன்னால் தொங்குகிறது. அரக்கு நிறப் பட்டு, ஜிமிக்கி, நெற்றிச்சுட்டி.

இராமேசுவரம் கோயிலின் நீண்ட பிராகாரம் பின்னால் வர வேண்டும் என்று வீட்டார் கேட்கிறார்கள். 12க்கு 36 அங்குலத் தாளில் நடுநாயகமாக வரப் போகிற படம். தானியங்கித் தேர்வைக் கொடுத்துப் பார்த்தேன். பட்டும் முகமும் நன்றாகவே வந்தன. ஆனால் மல்லிகையின் நுனி மொட்டுகள் துணியோடு போய்விட்டன, தலைமுடி தலைக்கவசம் அணிந்ததுபோல வழவழவென்று நிற்கிறது, ஜிமிக்கியின் துளைகளுக்குள் பழைய மஞ்சள் துணி அப்படியே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

சிவகாசி அச்சு

தம்பி, கருவியைத் தொடுவதற்கு முன் படத்தின் ஓரத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். உங்கள் படத்தில் நான்கு வகை விளிம்பு இருக்கிறது. பட்டும் தோளும் கன்னமும் கெட்டியான விளிம்பு. நகையும் கெட்டிதான், ஆனால் துளை நிறைந்தது. மொட்டுகள் சிறியவை, வெள்ளை, வெளிர் துணிக்கு முன்னால் நிற்பவை. முடிக்கு விளிம்பே கிடையாது. நான்கையும் ஒரே பொத்தானிடம் ஒப்படைத்தால் ஒன்றிரண்டுதான் சரியாக வரும்.

கெட்டியான இடங்களுக்குப் போட்டோஷாப்பின் பென் டூலை (புள்ளி வைத்து வளைகோடு இழுக்கும் கருவி) விட நம்பகமானது இன்றுவரை வரவில்லை என்பது என் உறுதியான கருத்து. படத்தை 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். வளைவு திசை மாறும் இடங்களில் மட்டும் புள்ளி வையுங்கள். தோள் முழுவதற்கும் மூன்று நான்கு புள்ளி போதும். பத்துப் புள்ளி வைத்தால் கோடு நடுங்கும், அந்த நடுக்கம் அச்சில் பட்டுக்கரையில் தெரியும். வளைவைத் திருப்பப் புள்ளியிலிருந்து நீளும் கைப்பிடியின் நீளம் அந்த வளைவுத் துண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தால் வளைவு இயல்பாக உட்காரும். மூலை வந்தால் ஆல்ட் விசையோடு கைப்பிடியை முறியுங்கள். புள்ளியை வைத்துக்கொண்டிருக்கும்போதே நகர்த்த வேண்டுமானால் ஸ்பேஸ் விசை. கோட்டை எப்போதும் உருவத்துக்கு உள்ளே ஒரு பிக்சல் தள்ளிப் போடுங்கள். வெளியே போனால் மஞ்சள் துணி ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே ஒரு பிக்சல் குறைந்ததை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ஜிமிக்கியின் ஒவ்வொரு துளைக்கும் தனிப் பாத் (பென் டூலில் போடும் கோடு) போட்டு, கழிக்கும் முறையில் வையுங்கள். வேலை முடிந்ததும் வொர்க் பாத் என்று இருப்பதன்மேல் இருமுறை சொடுக்கிப் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பாத் தொடங்கும்போது அது அழிந்துவிடும்.

கணினி வருவதற்கு முன் நாங்கள் நாள்காட்டிப் படங்களுக்கு இதே வேலையைச் சிவப்பு மாஸ்கிங் ஃபிலிமில் பிளேடால் செய்தோம். அச்சுக்குப் பயன்படுத்தும் லித்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது, அதனால் சிவப்பு ஒட்டிய இடம் மறைந்துவிடும். போட்டோஷாப்பில், தேர்வாகாத இடத்தை மூடிக் காட்டும் குயிக் மாஸ்க் தட்டினால் சிவப்பாகத் தெரிகிறதே, அது அந்த ஃபிலிமின் வழிவந்த நிறம்தான்.

வளைகோடு

அண்ணாச்சி சொன்ன பாதி வேலையோடு முழுமையாக ஒத்துப்போகிறேன். மீதிப் பாதியான முடியையும் மல்லிகையையும் நான் எடுத்துக்கொள்கிறேன். கோவையில் விளம்பரப் படங்களுக்குத் திருத்தம் செய்கிறேன். சுருள்முடிதான் என் அன்றாடம்.

முடிக்குக் கோடு போடக் கூடாது. முடியும் துணியும் எங்கே அதிகமாக வேறுபடுகின்றன என்று படத்தையே கேட்க வேண்டும். சேனல்ஸ் பகுதியை (ஒவ்வொரு நிறத்தின் அளவையும் தனிக் கறுப்பு வெள்ளைப் படமாகக் காட்டுவது) திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பாருங்கள். உங்கள் துணி வெளிர்மஞ்சள். அப்படியானால் சிவப்பு சேனலில் அது ஏறக்குறைய வெள்ளையாகத் தெரியும், கருமுடி கறுப்பாகவே இருக்கும். நீல சேனலில் அதே துணி சாம்பலாக இறங்கிவிடும். ஆகவே முடிக்குச் சிவப்பு சேனல்.

மல்லிகைக்கு இது அப்படியே தலைகீழ். சிவப்பு சேனலில் மொட்டும் வெள்ளை, துணியும் வெள்ளை, இரண்டும் கரைந்துவிடும். உங்கள் மொட்டு நுனிகள் காணாமற்போனதற்கும் இந்த நெருக்கம்தான் காரணமாக இருக்கும். நீல சேனலுக்குப் போனால் துணி சாம்பல், மொட்டு வெளுப்பு, முடி கறுப்பு. மொட்டு மட்டும் தனியே எழுந்து நிற்கும். ஒரே தலைக்கு இரண்டு சேனல் எடுக்க வேண்டியிருக்கிறது. பயிற்சிக் காணொளிகளில் ஒரே சேனலை எடுத்து முடித்துவிடுகிறார்கள். தலையில் பூ இல்லாத ஊர்களுக்கு அது போதும்.

செய்முறை. சிவப்பு சேனலைப் பிரதி எடுங்கள், மூலத்தில் கைவைக்க வேண்டாம். பிரதியில் லெவல்ஸ் (வெளிச்ச அளவுகளைத் திருத்தும் பெட்டி) திறந்து வெள்ளை முனையைத் துணி வெள்ளையாகும் வரை இடப்பக்கம் நகர்த்துங்கள். கறுப்பு முனையைச் சற்றே வலப்பக்கம். சற்றே என்பதை வலியுறுத்துகிறேன்: முடி நுனியின் சாம்பல் முழுக்கக் கறுப்பாகிவிட்டால் கம்பிபோல விறைத்துவிடும். துணி இன்னும் வெளுக்காத இடங்களில் பிரஷை ஓவர்லே முறைக்கு மாற்றி வெள்ளையால் தடவுங்கள். ஓவர்லேயில் வெள்ளை பிரஷ் முழுக்கறுப்பைத் தொடாது, கறுப்பு பிரஷ் முழுவெள்ளையைத் தொடாது. அதனால் முடிக்கு நடுவே துணிச்சலாகத் தடவலாம். பிறகு சேனலைத் தலைகீழாக்கினால் முடி வெள்ளையாகிவிடும். கன்னமும் நெற்றியும் இந்தச் சேனலில் சரியாக வராது, ஏனென்றால் தோல் சிவப்பு சேனலில் துணியைப் போலவே வெளிறித் தெரியும். அங்கே அண்ணாச்சியின் பாத்.

நீல சேனலின் பிரதியில் கறுப்பு முனையைத் துணி கறுப்பாகும் வரை வலப்பக்கம் தள்ளுங்கள். மொட்டுகள் மட்டும் வெள்ளையாக மிஞ்சும். இதைத் தலைகீழாக்க வேண்டாம். கடைசியில் ஒரு புதிய சேனல் உருவாக்கி, பாத்தின் தேர்வு, முடியின் தேர்வு, மொட்டின் தேர்வு மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி வெள்ளை நிரப்புங்கள். அதுதான் உங்கள் மாஸ்க்: வெள்ளை இடம் தெரியும், கறுப்பு இடம் மறையும்.

வேகம்

மன்னிக்கவும், நீங்கள் இருவரும் சொல்வது ஒரு படத்துக்குச் சரி. ஓர் ஆல்பத்துக்கு நூற்றுக்கணக்கான படங்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் சேனல் பிரித்து, ஓவர்லே தடவிக்கொண்டிருந்தால் ஆல்பம் வளைகாப்புக்குத்தான் போய்ச் சேரும்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை விழுங்கிவிட்டது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். 2018 தொடக்கத்தில் போட்டோஷாப்பில் செலக்ட் சப்ஜெக்ட் வந்தது. 2023 ஏப்ரலில் மெட்டா நிறுவனம் செக்மென்ட் எனிதிங் என்ற மாதிரியை வெளியிட்டது. படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் அந்தப் பொருள் தேர்வாகிறது. இலவசமாகக் கிடைக்கும் ரெம்பிஜி போன்றவற்றில் ஒரே கட்டளையில் ஒரு கோப்புறை முழுவதும் பின்னணி நீங்கிவிடுகிறது. நான் தொடர்ந்து இப்படித்தான் செய்கிறேன், வாடிக்கையாளர் யாரும் முடியை எண்ணிப் பார்ப்பதில்லை.

பிக்சல் கணக்கு

வேகம் அவர்களே, நான் கணினிப் பார்வைத் துறையில் வேலை செய்கிறேன். நீங்கள் சொல்லும் மாதிரிகளின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதனாலேயே அவற்றின் எல்லையைச் சொல்ல விரும்புகிறேன்.

ரெம்பிஜி வழக்கமாகப் பயன்படுத்தும் யூ2நெட் என்ற மாதிரி, நீங்கள் எவ்வளவு பெரிய படத்தைக் கொடுத்தாலும் 320க்கு 320 பிக்சலாகச் சுருக்கித்தான் பார்க்கிறது. செக்மென்ட் எனிதிங் நீண்ட பக்கத்தை 1024 ஆக்கிக்கொள்கிறது, முதலில் தருகிற மாஸ்க் 256க்கு 256. குடந்தை நண்பரின் படம் 6000 பிக்சல் உயரம். 1024 அளவிலேயே மாஸ்க் கிடைத்தாலும் அதன் ஒரு பிக்சல் மூலப் படத்தின் 30க்கும் மேற்பட்ட பிக்சல்களுக்குப் பொறுப்பேற்கிறது. பிறகு அதைப் பெரிதாக்கி ஒட்டுகிறார்கள். வழவழப்பு அங்கிருந்து வருகிறது. கைப்பேசித் திரையில் தெரியாது, 36 அங்குலத் தாளில் தெரியும்.

இன்னொரு விஷயம் இதைவிட அடிப்படையானது. இடுப்பளவுப் படத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் 6000 பிக்சலில் அடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிக்சலுக்கு 0.17 மில்லிமீட்டர் வருகிறது. தலைமுடியின் தடிமன் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதாவது தனித்து நிற்கும் எந்த முடியும் ஒரு முழுப் பிக்சலை நிரப்புவதே இல்லை. அந்தப் பிக்சலில் இருப்பது பாதி முடி, பாதி துணி. இதை வெட்டுவதா வைப்பதா என்று கேட்டால் இரண்டு விடையும் தவறு. எவ்வளவு பங்கு முடி என்றுதான் கேட்க வேண்டும்.

அந்தப் பங்குக்குப் பெயர் ஆல்ஃபா. 1970களின் இறுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் இருவரும் படத்தின் மூன்று நிறங்களோடு நான்காவதாக இதையும் சேர்த்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் கணக்கை முறைப்படுத்தினார்கள். கணக்கு எளியது: தெரியும் நிறம் என்பது ஆல்ஃபா பங்கு உருவத்தின் நிறமும், மீதிப் பங்கு பின்னணியின் நிறமும் சேர்ந்தது. சிக்கல் எங்கே என்றால், ஒவ்வொரு பிக்சலிலும் நமக்குத் தெரிந்தவை மூன்று எண்கள். தெரியாதவை ஏழு: உருவத்தின் நிறம் மூன்று, பின்னணியின் நிறம் மூன்று, ஆல்ஃபா ஒன்று. மூன்றை வைத்து ஏழைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே எல்லா முறைகளும் எங்கோ ஓர் ஊகத்தைச் சேர்க்கின்றன. வளைகோடு சகோதரியின் சேனல் முறையில், துணி ஒரே நிறம் என்பதும் முடி ஒரே கறுப்பு என்பதும்தான் ஊகம். இந்தப் படத்தில் அது உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது, அதனால் அவர் முறை வெல்கிறது. பின்னால் நூறு பேர் நிற்கும் பந்தலாக இருந்தால் அந்த ஊகம் உடைந்துவிடும், அங்கே பயிற்சி பெற்ற மாதிரியே மேல்.

வேகம்

320 என்பது எனக்குப் புதிய செய்தி. நன்றி. ஆனாலும் முதல் தேர்வைக் கணினியிடம் கொடுத்துவிட்டு, முடியையும் பூவையும் மட்டும் கையால் செய்யலாமே? புடவைக்கும் கைக்கும் பென் டூல் என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. இன்றைய மாதிரிகள் கெட்டி விளிம்பை நன்றாகவே பிடிக்கின்றன.

சிவகாசி அச்சு

சின்னப் படங்களுக்கு அப்படியே செய்யுங்கள், தடை சொல்லவில்லை. தாள் முழுக்க வருகிற ஒரு படம் ஆல்பத்துக்கு மூன்று நான்குதான் இருக்கும். அவற்றுக்குப் பாத். முக்கியமாக அரக்குப் பட்டுக்குப் பின்னால் நிழல் விழுந்த இடத்தில் கணினி நிழலையும் புடவை என்று எடுத்துக்கொள்ளும். கண்ணால் பார்த்துப் போடும் கோட்டுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

கட்டற்றவன்

இங்கே எல்லாரும் போட்டோஷாப்பையே பேசுகிறீர்கள். மாதச் சந்தா கட்ட முடியாத சிறிய ஸ்டூடியோக்காரர்களுக்காகச் சொல்கிறேன், கிம்ப் என்ற இலவச மென்பொருளில் இவ்வளவும் நடக்கும்.

சேனல் முறைக்கு, கலர்ஸ் பட்டியலில் டீகம்போஸ் கொடுத்தால் மூன்று சேனல்களும் மூன்று லேயர்களாக (அடுக்குகளாக) பிரிந்து வரும். அங்கே லெவல்ஸ், ஓவர்லே பிரஷ் எல்லாம் அப்படியே. முடிந்ததை மூலப் படத்தின் லேயர் மாஸ்க்கில் ஒட்டிவிடலாம்.

அதைவிட நான் அதிகம் பயன்படுத்துவது ஃபோர்கிரவுண்ட் செலக்ட். உருவத்தைச் சுற்றிப் பெரிய வளையம் போட்டு என்டர் தட்டுங்கள். பிறகு உருவத்தின் உட்பகுதியில் தடவுங்கள். முடி நுனிகளை மட்டும் தெரியாத பகுதி என்று குறித்துவிடுங்கள். 2.10 பதிப்பிலிருந்து இதில் மேட்டிங் லெவின் என்று ஒரு தேர்வு இருக்கிறது. லெவின், லிஷின்ஸ்கி, வெய்ஸ் மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வின் முறை அது. பிக்சல் கணக்கு சொன்ன ஆல்ஃபாவை அக்கம்பக்கத்து நிறங்களிலிருந்து கணக்கிடுகிறது. பெரிய படத்தில் நேரம் எடுக்கும். தலைப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக் கொடுத்தால் விரைவாக முடியும்.

கலர் டு ஆல்ஃபா என்ற வடிகட்டியையும் மறந்துவிடாதீர்கள். துணியின் நிறத்தை அதற்குக் காட்டினால், ஒவ்வொரு பிக்சலிலும் அந்த நிறம் எவ்வளவு கலந்திருக்கிறதோ அவ்வளவை மட்டும் நீக்கும். முடி நுனியில் மஞ்சள் சாயமே மிஞ்சாது. முகமும் அரைகுறையாக ஊடுருவித் தெரியத் தொடங்கும் என்பதால், முகத்தையும் உடலையும் தனி லேயரில் கெட்டியாக மேலே வைத்துக்கொள்ள வேண்டும்.

குடந்தை ஆல்பம்

எல்லாருக்கும் நன்றி. ரா கோப்பைப் 16 பிட்டில் திறந்து, வளைகோடு அக்கா சொன்னபடி சிவப்பு சேனலில் முடியையும் நீல சேனலில் மல்லிகையையும் எடுத்தேன். மொட்டுகள் நுனிவரை வந்துவிட்டன. காதோரச் சுருள் ஒவ்வொன்றும் பிரிந்து தெரிகிறது. அண்ணாச்சி சொன்ன பாத்தையும் ஜிமிக்கித் துளைகளையும் முடித்துவிட்டேன்.

இப்போது ஒரே குறை. பிராகாரத்தின் இருட்டுக்கு முன்னால் வைத்ததும் முடியைச் சுற்றி மெல்லிய மஞ்சள் ஒளிவட்டம் தெரிகிறது. வெள்ளைப் பின்னணியில் வைத்தால் தெரியவில்லை.

வளைகோடு

மகிழ்ச்சி தம்பி. அந்த மஞ்சள்தான் பிக்சல் கணக்கு சொன்ன மீதிப் பங்கு. மாஸ்க் சரியாகவே இருக்கிறது. பிக்சலின் நிறத்துக்குள் பழைய துணி கலந்து கிடக்கிறது. மாஸ்க்கை இன்னும் சுருக்கி இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள், சுருள் எல்லாம் போய்விடும். மாற்ற வேண்டியது நிறத்தை.

மூன்று வழி இருக்கிறது. நான் விரும்புவதை முதலில் சொல்கிறேன். உருவ லேயருக்குமேல் ஒரு வெற்று லேயர் வைத்து, அதை உருவத்தோடு கிளிப் செய்யுங்கள் (உருவத்துக்குள் மட்டும் தெரியும்). தலையின் உட்பகுதியிலிருந்து முடியின் நிறத்தை எடுத்து, அந்த வெற்று லேயரை டார்க்கன் முறையில் வைத்து, ஒளிவட்டத்தின்மேல் பிரஷால் குறைந்த அழுத்தத்தில் தடவுங்கள். டார்க்கன் முறை அந்த நிறத்தைவிட வெளிறிய பிக்சல்களை மட்டுமே மாற்றும். மல்லிகைப் பக்கம் பிரஷ் போகக் கூடாது. மொட்டின் மஞ்சளுக்கு ஹியூ சாச்சுரேஷனில் மஞ்சளின் அடர்த்தியைக் குறைத்தால் போதும்.

இரண்டாவது, மல்டிப்ளை. மூலப் படத்தின் பிரதியை உருவ லேயருக்குக் கீழே வைத்து, லெவல்ஸில் துணியை முழுவெள்ளையாக்கி, லேயரை மல்டிப்ளைக்கு மாற்றுங்கள். மல்டிப்ளையில் வெள்ளை காணாமற்போகும், முடி மட்டும் பின்னணியை இருட்டாக்கி நிற்கும். மாஸ்க்கே தேவைப்படாத முறை இது. கருமுடி வெளிர் பின்னணியில் எடுக்கப்பட்டிருந்தால் இதைவிட இயல்பான முடி எந்த முறையிலும் வராது. ஆனால் உங்கள் மேடையில் பின்விளக்கு இருந்து, சில முடிகள் பொன்னிறமாக ஒளிர்ந்தால் அவை மல்டிப்ளையில் தொலைந்துவிடும்.

மூன்றாவது, செலக்ட் அண்ட் மாஸ்க்கில் உள்ள டீகன்டாமினேட் கலர்ஸ். விளிம்பின் நிறத்தை உள்ளே இருக்கும் நிறத்தால் மாற்றும். பிக்சலையே மாற்றுவதால் புதிய லேயராகத்தான் வெளியே வரும். முடிக்குப் பரவாயில்லை. முடியும் மொட்டும் கலந்த இடத்தில் கறுப்பை மொட்டின்மேல் இழுத்துவிடும், அங்கே வேண்டாம்.

எந்த வழியில் போனாலும், கீழே நான்கு நிற லேயர் வைத்துக்கொள்ளுங்கள்: கறுப்பு, வெள்ளை, நடுச்சாம்பல், நல்ல சிவப்பு. ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். வெள்ளையில் மறைவது கறுப்பில் பிடிபடும். இன்னொன்று, லேயருக்கு ஸ்ட்ரோக் விளைவைத் தற்காலிகமாகக் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் ஒட்டுப் பிக்சல்கள் எல்லாம் வளையம் போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

சிவகாசி அச்சு

விளிம்பைப் பற்றி இன்னும் ஒன்று. படம் முழுவதற்கும் ஒரே ஃபெதர் (விளிம்பின் மென்மை) கொடுக்காதீர்கள். லென்ஸின் அகன்ற துளையில் எடுத்த படம் என்றால் முகம் கூர்மையாகவும் பின்தோள் மங்கலாகவும் இருக்கும். முகத்தோரம் அரைப் பிக்சல் மென்மை போதும், பின்தோளுக்கு மூன்று நான்கு பிக்சல் வேண்டும். மங்கிய தோளில் கூர்மையான வெட்டு இருந்தால் கண் உடனே உறுத்தும், ஏன் என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது.

பின்னணியையும் கவனியுங்கள். இராமேசுவரத்துப் பிராகாரத்தில் இருபுறத் தூண்வரிசையும் ஓடிப்போய் ஒரு புள்ளியில் சேரும். மணமகளை அவர் கண்மட்டத்தில் கேமராவை நேராகப் பிடித்து எடுத்திருந்தால், அந்தப் புள்ளி அவர் கண்மட்டத்திலேயே இருக்க வேண்டும். மார்பளவில் இருந்தால் அவர் பலகைமேல் ஏறி நிற்பதுபோல் தெரியும். மேடை விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கம் ஒளி வரும் பிராகாரப் படமாகத் தேடுங்கள். இவை இரண்டும் பொருந்தாவிட்டால் முடியை எவ்வளவு நுட்பமாக எடுத்தும் பயனில்லை.

வளைகோடு

அண்ணாச்சி சொன்னதோடு, முழு வேலையும் முடிந்தபின் உருவத்துக்கும் பின்னணிக்கும் சேர்த்து மேலே ஒரே அளவு துகள் (கிரெய்ன்) கொடுங்கள். இரண்டு கேமராக்களின் படங்கள் ஒன்றாக உட்கார அது பெரிதும் உதவும். பிராகாரத்தின் மிக இருண்ட இடத்தையும் முடியின் மிக இருண்ட இடத்தையும் எண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள். முடி அதைவிடக் கறுப்பாக இருந்தால் ஒட்டியதுபோல் தெரியும்.

நகைப்படம்

நகைக்கடை விளம்பரங்களுக்குப் படம் எடுக்கிறேன். ஜிமிக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாத் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் தங்கத்தின் பளபளப்புக்குள் பழைய மேடை பிரதிபலித்துக்கொண்டிருக்கும். தங்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, பிராகாரத்தின் கல் நிறத்தை, நிறத்தை மட்டும் மாற்றும் கலர் முறையில் பத்து விழுக்காடு அளவுக்குப் பூசினால் நகை அந்த இடத்துக்கு வந்துவிடும். வெளிச்சப் புள்ளிகளைத் தொடாதீர்கள்.

பிக்சல் கணக்கு அவர்களுக்கு ஒரு கேள்வி. கண்ணாடிப் பெட்டி, மெல்லிய வலைத்துணி போன்றவற்றை எடுக்கும்போது எந்த மாஸ்க்கும் சரிவருவதில்லை. மூன்றை வைத்து ஏழைக் கண்டுபிடிக்க முடியாது என்றால் வழியே இல்லையா?

பிக்சல் கணக்கு

வழி உண்டு, உங்களைப் போல முக்காலியில் படம் எடுப்பவர்களுக்குக் கச்சிதமான வழி. ஆல்வி ரே ஸ்மித்தும் ஜேம்ஸ் பிளின்னும் 1996இல் காட்டியது: ஒரே பொருளை இரண்டு வெவ்வேறு பின்னணியில் எடுத்தால், தெரிந்த எண்கள் போதிய அளவு கிடைத்துவிடுகின்றன, ஊகமே தேவையில்லை.

வலைத்துணியைக் கறுப்பு அட்டைக்கு முன் ஒரு படம், வெள்ளை அட்டைக்கு முன் ஒரு படம் எடுங்கள். கேமராவும் பொருளும் விளக்கும் மயிரிழை நகரக் கூடாது, எக்ஸ்போஷர் கைமுறையில் ஒன்றாகவே இருக்க வேண்டும். போட்டோஷாப்பில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டின் வேறுபாட்டைக் காட்டும் டிஃபரன்ஸ் முறை கொடுங்கள். பொருள் கெட்டியாக இருக்கும் இடத்தில் இரண்டும் ஒன்றே, அதனால் கறுப்பு வரும். வெறும் அட்டை தெரியும் இடத்தில் வெள்ளை வரும். வலைக்குள் இடைப்பட்ட சாம்பல். இதைத் தலைகீழாக்கினால் அதுவே ஆல்ஃபா. அதைக் கறுப்பு அட்டையில் எடுத்த படத்துக்கு மாஸ்க்காக்கி, மாஸ்க்கைப் படத்தோடு சேர்த்துவிட்டு, மேட்டிங் பட்டியலில் ரிமூவ் பிளாக் மேட் கொடுங்கள். கலந்திருந்த கறுப்பு கழன்றுவிடும். கண்ணாடி வழியே பின்னால் இருப்பது வளைந்து தெரியும் விளைவு மட்டும் இதில் வராது. அதைக் கையால்தான் சேர்க்க வேண்டும்.

புதிய வாசகர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதே முறையில் பாஸ்போர்ட், விசா படங்களுக்குப் பின்னணியை வெள்ளையாக்கலாமா? எங்கள் கடையில் தினமும் கேட்கிறார்கள்.

நகைப்படம்

தயவுசெய்து வேண்டாம். அமெரிக்கா மென்பொருளால் மாற்றிய படத்தை ஏற்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சுவரில் ஒரு வெள்ளைத் துணி கட்டி, நபரை அதிலிருந்து நான்கைந்து அடி தள்ளி உட்கார வைத்து எடுங்கள். வெட்டுகிற வேலையும் மிச்சம், வாடிக்கையாளருக்கு நிராகரிப்பும் வராது.

குடந்தை ஆல்பம்

டார்க்கன் முறையில் ஒளிவட்டம் முழுவதும் போய்விட்டது. பிராகாரத்தையும் கண்மட்டத்துக்கு இறக்கிவிட்டேன். வீட்டாருக்கு மாதிரி அனுப்பியிருக்கிறேன்.

எங்களோடு வேலை செய்யும் ஒளிப்படக்காரர், அடுத்த திருமணத்தில் இப்படி மாற்றப் போகும் படங்களுக்கென்றே தனியாக ஒரு துணி கொண்டுவருகிறேன் என்கிறார். பச்சைத் துணி வாங்கட்டுமா என்று கேட்கிறார்.

வளைகோடு

பச்சை வேண்டாம் தம்பி. காணொளிக்குப் பச்சை நல்லது, கேமராவின் உணரியில் ஒவ்வொரு நான்கு புள்ளிக்கும் இரண்டு பச்சைக்கென்றே இருப்பதால் பச்சை சேனல் துப்புரவாக வரும். ஆனால் முகூர்த்தப் புடவையில் பச்சைக் கரை வரும், மாலையில் இலை வரும், தங்கத்தில் பச்சை தெறிக்கும், கன்னத்தோரம் தோல் பச்சையடிக்கும். நடுச்சாம்பல் துணி வாங்கச் சொல்லுங்கள். கருமுடியும் வெண்மல்லிகையும் இரண்டுமே சாம்பலிலிருந்து விலகி நிற்கும். விளிம்பில் மிஞ்சுவதும் நிறமற்ற சாம்பல் என்பதால் ஒளிவட்டம் பெரிதாக உறுத்தாது. துணி மணமகளிலிருந்து ஆறு ஏழு அடி பின்னால் இருக்கட்டும், சுருக்கமில்லாமல், தனி விளக்கோடு.

பிக்சல் கணக்கு

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மணமகள் நகர்ந்ததும், முக்காலியையும் விளக்கையும் தொடாமல், வெறும் துணியை ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னணியின் மூன்று எண்களும் அப்போதே தெரிந்துவிடும், தெரியாதவை ஏழிலிருந்து நான்காகக் குறையும். அந்த வெற்றுப் படத்தையும் ரா கோப்பாகவே வைத்திருங்கள். செய்திச் செயலியில் அனுப்பினால் ஜேபெக் சுருக்கத்தில் நிறத் தகவல் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகக் குறைந்துவிடும், சிவப்பு சேனலும் நீல சேனலும் கட்டம் கட்டமாக வரும். அதில் சுருள்முடியை எடுக்க முடியாது.